மன்னர் குழல், கும்பெனிப் பூட்டு: ஒரு பழந்துப்பாக்கிப் பரிசோதனைச் சேவை பற்றிய மதிப்புரை

பழைய இராணுவத் துப்பாக்கி ஒன்றை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தக் காலத்தது, யாருக்காகச் செய்யப்பட்டது, எப்போது மற்றவற்றோடு சேர்க்கப்பட்டது என்று ஆராய்ந்து எழுத்தில் தரும் சேவையைப் பர்மிங்காமில் முதியவர் ஒருவர் தனியாளாக நடத்தி வருகிறார். கட்டணம் 120 பவுண்ட். தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே அதைத் தவிர்த்திருக்கிறேன். துப்பாக்கியை எனக்கு விற்ற கடையின் பெயரையும், வேறு காரணத்துக்காக, தவிர்த்திருக்கிறேன். இத்தகைய பரிசோதனைக்குப் பணம் கொடுப்பது தகுமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் பயன்படலாம்.

சென்ற ஆண்டு இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு சிற்றூரில், பழம்பொருள் கடையொன்றில் அந்தத் துப்பாக்கியைப் பார்த்தேன். தொங்கவிடப்பட்டிருந்த அட்டையில் ‘பிரௌன் பெஸ், இந்தியா பேட்டர்ன், வாட்டர்லூ காலத்தது, எல்லா உறுப்புகளும் அசல்’ என்று எழுதியிருந்தது. பிரௌன் பெஸ் என்பது ஆங்கிலேயப் பட்டாளத்தின் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு வழங்கிய செல்லப்பெயர்; வாட்டர்லூ, நெப்போலியன் தோற்ற 1815ஆம் ஆண்டுப் போர். பூட்டின், அதாவது துப்பாக்கியை வெடிக்கவைக்கும் பொறியமைப்பின், தகட்டில் நான்காகப் பிரிக்கப்பட்ட இதய வடிவமும், அதன் உச்சியில் 4 போன்ற குறியும், கீழே 1803 என்ற ஆண்டும் வெட்டப்பட்டிருந்தன. அது கிழக்கிந்தியக் கும்பெனியின் முத்திரை. பள்ளிப் பருவத்தில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்தவற்றின் இனத்தைச் சேர்ந்த ஒன்று, தொட்டுப் பார்க்கும் தொலைவில் கிடக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காக 1,300 பவுண்ட் கொடுத்துவிட்டேன். பேரம்கூடப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து கூடத்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோதுதான் உறுத்தத் தொடங்கியது. பூட்டுத் தகட்டின் கீழ்விளிம்புக்கும் மரத்துக்கும் இடையே ஒரு தபால் அட்டையை நுழைக்கலாம் போல இடைவெளி இருந்தது. கையால் இழைத்துப் பொருத்திய வேலையில் அப்படி இருக்கக்கூடாது என்பது துப்பாக்கி தெரியாத எனக்கே பட்டது. பர்மிங்காம் முதியவரைத் தேடிப் போனது அதற்குப் பிறகுதான்.

முன்பதிவு செய்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. துப்பாக்கியைத் துடைக்கவோ எண்ணெய் பூசவோ கூடாது என்றும், பித்தளையை மினுக்கவே கூடாது என்றும் கண்டிப்பான குறிப்பு ஒன்றை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். அவருடைய பட்டறை, நகரின் பழைய துப்பாக்கித் தொழிலாளர் பகுதியிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பரிசோதனை முழுவதையும் உடனிருந்து பார்க்க அனுமதித்தது இந்தச் சேவையின் தலையாய சிறப்பு என்று சொல்வேன். அறிக்கையை மட்டும் வாங்கிப் படித்திருந்தால் நான் பாதியைத்தான் நம்பியிருப்பேன்.

முதலில் அவர் செய்தது எனக்குத் தோன்றவே தோன்றாத ஒன்று. மெல்லிய மரக்குச்சியைக் குழலின் வாய் வழியே அடிவரை விட்டு, வாயோரத்தில் பென்சிலால் கோடிட்டு, பிறகு அதே குச்சியைக் குழலின் வெளிப்புறமாக வைத்து அதன் முனை எங்கே நிற்கிறது என்று பார்த்தார். நெருப்புத் துளையைத் தாண்டிப் பின்னால் நின்றால் குழல் காலி. விரல் நீளத்துக்கு முன்பாகவே நின்றுவிட்டால், உள்ளே மருந்தும் குண்டும் கெட்டிக்கப்பட்டபடியே இருக்கின்றன என்று பொருள். இருநூறு ஆண்டுகளாக நிரப்பியபடியே சுவரில் தொங்கும் துப்பாக்கிகள் உண்டு என்றும், கடைக்காரர் இந்தச் சோதனையைச் செய்தாரா என்றும் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. நல்லவேளையாகக் குச்சி அடிவரை போயிற்று.

அடுத்து அளவுகள். ஆங்கிலேயப் பட்டாளத்தின் சக்கிமுக்கித் துப்பாக்கிகளை வகைப்படுத்துவதில் குழலின் நீளமே முதற்படி. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வழங்கிய லாங் லேண்ட் வகையின் குழல் 46 அங்குலம். 1760களின் பிற்பகுதியில் ஏற்கப்பட்ட ஷார்ட் லேண்ட் வகை 42 அங்குலம். கும்பெனி தன் படைகளுக்காக 1770களின் தொடக்கத்திலிருந்து செய்வித்து, பிரெஞ்சுப் போரின் நெருக்கடியில் 1790களில் மன்னரின் படையும் எடுத்துக்கொண்ட இந்தியா பேட்டர்ன் 39 அங்குலம். மூன்றுக்கும் குழல்வாய் ஏறத்தாழ முக்கால் அங்குலம். என்னுடையது 39 அங்குலம் என்று நாடா காட்டியபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. குழலின் பின்பகுதியை மென்மையான துணியால் ஒருமுறை ஒற்றி, விளக்கைச் சாய்வாகப் பிடித்து, உருப்பெருக்கியை என்னிடம் கொடுத்தார்.

அங்கே மங்கிய இரண்டு குத்துகள் தெரிந்தன. ஒன்று கிரீடத்தின் கீழ், மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் ஜி.ஆர். என்ற எழுத்துகளும் அம்புக்குறியும் கொண்டது. மற்றது கிரீடத்தின் கீழ் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள். இவை அரசின் ஆயுத வாரியம் குழலுக்குக் கூடுதல் மருந்திட்டு வெடித்துச் சோதித்தபின் பதிக்கும் முத்திரைகள். கும்பெனிக்காகச் செய்யப்பட்ட குழல் என்றால் இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்தின் சோதனைச் சாலை பதித்த கிரீடமும் ஜி.பி. என்ற பின்னலும், கிரீடமும் வி என்ற எழுத்தும் இருக்க வேண்டும். அவற்றின் சுவடே இல்லை. ஆக, குழல் மன்னருடையது, பூட்டு கும்பெனியுடையது.

இதற்குக் கடைக்காரர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். நான் தொலைபேசியில் கேட்டபோது, போர் மூண்டதும் கும்பெனி தன் கையிருப்புத் துப்பாக்கிகளை அரசுக்கு ஒப்படைத்தது என்றும், எனவே கும்பெனி முத்திரையும் அரசு முத்திரையும் ஒரே துப்பாக்கியில் இருப்பது இயல்பே என்றும் சொன்னார். முதியவரிடம் அதைச் சொன்னேன். ஒப்படைத்தது உண்மைதான் என்றும், ஆனால் அது 1794ஐ ஒட்டி நடந்தது என்றும், 1803 என்று வெட்டப்பட்ட பூட்டு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒப்படைப்பில் எப்படிப் போயிருக்கும் என்றும் கேட்டார். அரைகுறை உண்மையைக் கொண்டு ஓட்டையை அடைப்பது பழம்பொருள் வணிகத்தின் கைவந்த கலை என்பது எனக்கு அப்போது உறைத்தது.

பக்கத் திருகாணிகள் இரண்டையும் கழற்றிப் பூட்டை வெளியே எடுத்தபோதுதான் பரிசோதனை உண்மையில் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பூட்டுகளில் ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தாது. ஒவ்வொன்றும் அரத்தால் இராவி, அந்தந்தப் பூட்டுக்கென்றே ஒப்பேற்றப்பட்டது. பிரான்சில் ஓனோரே பிளாங் என்பவர் எந்த உறுப்பையும் எந்தப் பூட்டிலும் பொருத்திக் காட்டுகிறார் என்று 1785இல் தாமஸ் ஜெஃபர்சன் வியந்து கடிதம் எழுதும் அளவுக்கு அது அபூர்வமாக இருந்தது. இங்கிலாந்தின் அரசுத் துப்பாக்கிகள் அந்த நிலையை எட்டியது 1850களில், அமெரிக்க எந்திரங்கள் என்ஃபீல்டு ஆலைக்கு வந்த பிறகுதான். அதற்கு முன்பு, பொருத்தும் தொழிலாளி தான் ஒப்பேற்றிய உறுப்புகள் கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் மறைவான பக்கத்திலும் அரத்தின் முனையால் ஒரே எண்ணிக்கையில் சிறு கீறல்களைப் போட்டுவைப்பான். நம்மூர் ஆசாரி கதவுச் சட்டத்தின் பொருத்துவாய்களில் அடையாளம் போடுவதை ஒத்த பழக்கம் இது.

என் பூட்டில் தகட்டின் உட்புறம் மூன்று கீறல்கள். பெரிய வில்லில் மூன்று. உருளும் கொட்டையில் மூன்று. இதுவரை சரி. ஆனால் விசை சென்று தள்ளும் நெம்பில் ஐந்து. அதைப் பிடித்திருக்கும் திருகாணியில் ஒன்றுமில்லை. வெளியே இருக்கும் குதிரையை, அதாவது சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விப் பாய்ந்து அடிக்கும் உறுப்பை, கழற்றியபோது, அதன் சதுரத் துளைக்கும் அது அமரும் சதுர அச்சுக்கும் இடையே நகக்கண் அளவான பித்தளைத் தகட்டுத் துண்டு ஒன்று செருகப்பட்டிருந்தது. முதியவர் அதை இடுக்கியால் எடுத்து வெள்ளைத்தாளின் மேல் வைத்தார். துளை பெரிது, அச்சு சிறிது. ஆட்டம் காணாமல் இருக்க யாரோ ஆப்பு வைத்திருக்கிறார்கள். குதிரையின் வடிவமும் அதையே சொல்லிற்று. 1803ஆம் ஆண்டுப் பூட்டில் அன்னத்தின் கழுத்துப்போல் வளைந்த குதிரை இருக்க வேண்டும். என்னுடையதில் இருந்தது, கழுத்து முறியாமல் இருக்க நடுவில் வளையம் வைத்துத் தடித்த வகை. அரசுத் துப்பாக்கிகளில் அது 1809இல்தான் புகுந்தது.

இங்கே அவர் ஒரு எச்சரிக்கை சொன்னார். அறிக்கையிலும் அதை எழுதியிருக்கிறார். குதிரை மாறியிருப்பது மட்டும் குற்றமாகாது. குதிரையின் கழுத்து முறிவது படையில் அன்றாடம் நடப்பது; படைப்பிரிவின் ஆயுதப் பழுதுபார்ப்பவன் கையில் கிடைத்த புதுவகைக் குதிரையை மாட்டிவிடுவான். இன்னும் அடிப்படையாகப் பார்த்தால், அரசுத் துப்பாக்கிகளின் குழல், பூட்டு, பித்தளை உறுப்புகள் எல்லாமே வெவ்வேறு ஒப்பந்தக்காரர்களிடம், பெரும்பாலும் பர்மிங்காமில், தனித்தனியே வாங்கப்பட்டு, இலண்டன் கோபுரக் கோட்டையின் கிடங்கில் சேர்த்துவைக்கப்பட்டு, பிறகுதான் துப்பாக்கியாகக் கூட்டப்பட்டன. பல கை பட்டது என்பது அவற்றின் பிறவிக்குணம். ஆகவே உறுப்புகள் ஒன்றாகப் பிறந்தவையா என்று கேட்பதில் பயனில்லை. எப்போது ஒன்றாக வாழத் தொடங்கின என்றுதான் கேட்க வேண்டும். அவருடைய சேவை மற்ற மதிப்பீட்டாளர்களின் வேலையிலிருந்து வேறுபடுவது இந்தக் கேள்வியில்தான். ஏல நிறுவனம் ஒன்றின் மதிப்பீட்டாளரிடம் முன்பே படங்களை அனுப்பியிருந்தேன். ‘கலப்பு, குறைந்த மதிப்பு’ என்ற இரண்டே சொற்கள் வந்தன. கலப்பு எந்தக் காலத்தது என்று அவர் சொல்லவுமில்லை, சொல்ல வேண்டும் என்று நினைக்கவுமில்லை.

குழலை மரத்திலிருந்து எடுப்பதற்கு முன்பு எழுத்துமூலம் ஒப்புதல் கேட்டார். பிரெஞ்சுத் துப்பாக்கி என்றால் குழலும் மரமும் வளையங்களால் பிணைக்கப்பட்டிருக்கும், உருவிவிடலாம். ஆங்கிலேயத் துப்பாக்கியில் மரத்தைக் குறுக்கே துளைத்துச் செல்லும் மெல்லிய ஆணிகள் குழலின் அடியிலுள்ள காதுகளைப் பிடித்திருக்கும். துருவேறிய ஆணியைத் தட்டி எடுக்கும்போது மரம் சிலும்பும் அபாயம் உண்டு என்று தெளிவாகவே சொன்னார். நான் கையெழுத்திட்டேன். மூன்றாவது ஆணி வெளிவரும்போது அரிசி மணி அளவுக்கு ஒரு சிம்பு பெயர்ந்தது. அவர் அதைப் பத்திரப்படுத்தி வச்சிரம் போட்டு ஒட்டித் தந்தார் என்றாலும், உற்றுப் பார்த்தால் தெரிகிறது. முன்கூட்டியே சொல்லிச் செய்தார் என்பதால் குறை கூறுவது நியாயமில்லை. ஆனாலும் என் கண் ஒவ்வொரு முறையும் முதலில் அங்கேதான் போகிறது.

அந்தச் சிம்பின் விலைக்கு மரம் நிறையவே சொல்லிற்று. இப்போது ஆணிகள் இருக்கும் துளைகளுக்கு அருகே, பழைய துளைகள் மரத்தூளும் பசையும் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. இந்தியா பேட்டர்னில், மருந்தையும் குண்டையும் குழலுக்குள் கெட்டிக்கும் கஜக்கோலைத் தாங்கும் பித்தளைக் குழாய்கள் மூன்று. என் துப்பாக்கியின் மரக்கட்டையில் மூன்று குழாய்கள் இருந்தாலும், நான்காவது ஒன்று ஒருகாலத்தில் பதிந்திருந்த பள்ளம், வேறொரு வால்நட் துண்டால் நிரப்பப்பட்டிருந்தது. கைப்பிடியின் மேற்புறம், கட்டைவிரல் படியும் இடத்தில், பித்தளைத் தகடு ஒன்று இருந்து எடுக்கப்பட்ட முட்டைவடிவப் பள்ளமும் அவ்வாறே மூடப்பட்டிருந்தது. செலவைக் குறைக்க இந்தியா பேட்டர்னில் கைவிடப்பட்டவற்றுள் அந்தத் தகடும் ஒன்று. எனவே இது 42 அங்குலக் குழலுக்காகச் செய்யப்பட்ட ஷார்ட் லேண்ட் கட்டை; முனையில் மூன்று அங்குலம் அறுத்து 39 அங்குலக் குழலுக்கு ஏற்றதாக்கியிருக்கிறார்கள். கட்டையில் தோளோடு அணையும் பின்பகுதியான மட்டையின் வலப்புறத்தில் கிடங்குக் காவலர் குத்திய கிரீடமும் ஜி.ஆர். எழுத்தும் கைத்தடவலில் தேய்ந்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மட்டும் நிழலாகத் தெரிந்தன. மரமும் மன்னருடையதே.

இவ்வளவையும் கேட்ட பிறகு, எல்லாமே நேற்றுச் சேர்த்த ஒட்டுவேலை என்று மனம் விட்டுவிட்டேன். ஆனால் குழல் படுத்திருந்த மரவாய்க்காலை அவர் காட்டினார். குழலின் அடிப்பக்கத்தில் துரு அரித்த குழிகள் எந்த வரிசையில் இருந்தனவோ, அதே வரிசையில் மரத்தில் கருந்திட்டுகள் ஊறியிருந்தன. குழலை ஒரு விரற்கடை முன்னே நகர்த்தி வைத்தால் இரண்டும் பொருந்தவில்லை. திரும்பப் பழைய இடத்தில் வைத்ததும் திட்டும் குழியும் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தன. இப்படி ஊறுவதற்குத் தலைமுறைகள் ஆகும். கட்டையை அறுத்த வேலையும் குழாய்ப் பள்ளத்தை நிரப்பிய வேலையும் அந்தக் கருமைக்கு அடியில்தான் இருக்கின்றன. அதாவது, குழலும் கட்டையும் துப்பாக்கி புழக்கத்தில் இருந்த காலத்திலேயே ஒன்றுசேர்ந்தவை. அப்படிச் சேர்த்தது அரசுக் கிடங்கா, உபரியை வாங்கிய வணிகரா என்று பிரித்துச் சொல்ல மரத்தில் சான்று இல்லை என்பதால் அறிக்கையிலும் அவர் சொல்லவில்லை.

பூட்டு விஷயம் வேறு. பூட்டு அமரும் குழியின் ஓரத்தில் உளிவெட்டுகள் கூர்மையாக இருந்தன. அவற்றின் மேல் பூசிய கருஞ்சாயம் வெட்டுக்குள் திரண்டு நின்றதே தவிர, மரத்தில் இறங்கவில்லை. பக்கத் திருகாணிகளில் ஒன்றின் மரையை அவர் மரையளவித் தகடுகளோடு ஒப்பிட்டபோது, ஒரு தகடு இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அது விட்வொர்த் மரை. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், எல்லாத் திருகாணிகளுக்கும் பொதுவான அளவுகள் கொண்ட தமது சீர்மரையை முன்வைத்ததே 1841இல். 1803ஆம் ஆண்டுப் பூட்டை வாட்டர்லூவில் அந்தத் திருகாணி பிடித்துக்கொண்டிருக்க வழியில்லை. கும்பெனிப் பூட்டு அசல்தான். கும்பெனி 1808ஐ ஒட்டி இதய முத்திரையை விட்டுச் சிங்க முத்திரைக்கு மாறுவதற்கு முற்பட்டதுதான். ஆனால் இந்தத் துப்பாக்கிக்குள் அது கடைசியாக, விற்பனையைக் கருதி, 20ஆம் நூற்றாண்டில் புகுத்தப்பட்டிருக்கிறது என்பது அவர் முடிவு. நான் எதைப் பார்த்து மயங்கிப் பணம் கொடுத்தேனோ, அதுவே வந்தேறி.

நேபாளத்திலிருந்து வந்திருக்கலாமோ என்றும் கேட்டுப் பார்த்தேன். காட்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் அடைந்துகிடந்த துப்பாக்கிகள் 2003இல் மொத்தமாக விற்கப்பட்டு மேலைநாடுகளுக்கு வந்ததும், அவற்றில் கும்பெனித் துப்பாக்கிகளும் உள்ளூரில் செய்தவையும் கலந்திருந்ததும் ஆர்வலர்கள் அறிந்ததே. அந்தக் கலப்புக்கு வரலாறு இருக்கிறது. உலோகத்திலும் மரத்திலும் தேவநாகரி எண்கள் இருக்கும் என்றார். என்னுடையதில் அப்படி எதுவும் இல்லை. கஜக்கோலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குழலின் அடியைத் தொடாத அளவுக்குக் குட்டை, புதியது.

அறிக்கை பத்து நாளில் தபாலில் வந்தது. பதினான்கு பக்கம். ஒவ்வொரு உறுப்புக்கும் கண்டது என்ன, அதிலிருந்து ஊகித்தது என்ன என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்தது. படங்கள் மட்டும் ஏமாற்றம். உருப்பெருக்கியில் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்த கீறல்கள் தபால்தலை அளவுப் படங்களில் சாம்பல் கோடுகளாகிவிட்டன. விலைமதிப்பு எழுத மாட்டேன் என்பது அவருடைய கொள்கை. காப்பீட்டுக்காக அறிக்கை தேடுவோர் வேறிடம் போக வேண்டியிருக்கும். சட்டத்தைப் பொறுத்தவரை அறிக்கைக்குத் தனிப் பயன் உண்டு. பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, பழம்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கும் தொன்மையான துப்பாக்கிக்குத்தான் உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. இக்கால நகல்களுக்கு அது பொருந்தாது. இன்று மேலைநாட்டுச் சந்தையில் விற்கும் பிரௌன் பெஸ் நகல்களில் கணிசமானவை இந்தியாவிலேயே செய்யப்படுபவை என்பதால், நம்மவர் ஒருவர் வீட்டில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றி யாரேனும் கேட்டால், குழலும் கட்டையும் பூட்டும் தொன்மையானவை என்று சான்றுகளோடு காட்டும் தாள் கையில் இருப்பது நல்லது.

அறிக்கையின் நகலோடு கடைக்காரரைப் பார்க்கச் சென்றேன். முதலில் முகம் சுளித்தவர், விட்வொர்த் திருகாணி பற்றிய பக்கத்தைப் படித்ததும் அமைதியாகி, முழுப்பணத்தையும் தந்து துப்பாக்கியைத் திரும்பப் பெறுவதாகவோ, வைத்துக்கொள்வதானால் 500 பவுண்ட் திருப்பித் தருவதாகவோ சொன்னார். 500 பவுண்டை வாங்கிக்கொண்டு துப்பாக்கியோடு வீடு திரும்பினேன். மன்னரின் மரமும் மன்னரின் குழலும் ஒன்றாகத் துருப்பிடித்த காலம் பொய்யில்லை. அதற்கு 800 பவுண்ட் அதிகமாக எனக்குத் தோன்றவில்லை.

சேவைக்கு ஐந்தில் நான்கு தருகிறேன். குறைத்த ஒன்றில் பாதி அந்தப் படங்களுக்கு. மீதிப் பாதி ஆறு வாரக் காத்திருப்புக்கு. மரச்சிம்புக்காக எதையும் குறைக்கவில்லை. போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகலில் அந்த மாடியில் சாய்வு வெளிச்சம் போதாமல் விளக்கை நம்ப வேண்டியிருக்கிறது, கீழே மோட்டார் கடையின் இரைச்சலும் கூடிவிடுகிறது.